நாலு மணி என்றால் பத்து மணி

என்னை "மாமா" என்று கூப்பிடுகிற ஒரே ஆள் எங்கள் மாடி வீட்டுப் பெண்தான். எனக்கு வயது 47, இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. குடி வந்த மறுநாள் காலையில் அவள் படியிறங்கி வந்து, கூடத்தில் நின்று, "குட் மார்னிங் மாமா" என்றாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்து, "குட் மார்னிங்மா" என்றார். அவள் பார்த்துக்கொண்டிருந்ததோ என்னை. சின்னவனுக்கு இட்லி புரையேறிவிட்டது.

அவள் ஊர் மொழியான சுவாஹிலியில் அம்மா வயதுள்ள பெண்களை அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம். அண்ணன் முறை என்றால் 'காக்கா'. அக்காவுக்கு 'டாடா'. ஹஸ்தம்பட்டி ரவுண்டானாவில் ஒரு ஆட்டோக்காரரை மரியாதையாக "காக்கா" என்று கூப்பிட்டு, அவர் முறைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன கதையை அவள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்போது சிரிக்கவில்லை, பயந்துதான் போனாளாம்.

அவளுக்கு ஊர் தான்சானியாவில் மோஷி. கிளிமஞ்சாரோ மலையின் அடிவாரம். சேலத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில் பி.ஃபார்ம் படிக்கிறாள். இன்னும் இரண்டு பெண்களும் கூட இருக்கிறார்கள். வெளிநாட்டவருக்கு வீடு கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அதற்கான ஃபாரம் போட வேண்டும். அதைப் பெரியவனோடு உட்கார்ந்து நான்தான் நிரப்பினேன். அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தப்பில்லாமல் அடித்தேன். இங்கிலீஷில் எழுத, படிக்க, ஃபாரம் நிரப்ப எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வாயைத் திறப்பதில்தான் கோளாறு.

பன்னிரண்டாவது வரை நான் தமிழ் மீடியம். கல்லூரியில் இயற்பியல் எடுத்தேன். முதல் வாரம் முழுக்க 'ஆக்ஸலரேஷன்', 'ஆக்ஸலரேஷன்' என்று போர்டில் எழுதிக்கொண்டே போனார்கள். என்னவோ புதுப் பாடம் என்று மிரண்டு உட்கார்ந்திருந்தேன். அது நம்ம முடுக்கம் என்று தெரிய நாலைந்து நாள் ஆனது. பிளஸ் டூவில் முடுக்கத்தில் எத்தனை கணக்குப் போட்டிருப்பேன்! தெரிந்த விஷயத்தையே தெரியாத மாதிரி உட்கார வைக்கிற அந்த வித்தையில் அன்றைக்கு மூடிய வாய்தான்.

அப்புறம் பெரியவன் படித்த பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். டீச்சர் கேட்பது எல்லாமே எனக்குப் புரியும். பதிலும் தெரியும். ஆனால் தலையை மட்டும் ஆட்டுவேன். ஒருமுறை வெளியே வந்ததும் பையன் சொன்னான்: "அம்மா, நீங்க எஸ், எஸ்ன்னு மட்டும் சொல்லுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்." கிண்டலாகச் சொல்லியிருந்தால் ஒரு திட்டு திட்டியிருப்பேன். பரிவாகச் சொன்னான். அதுதான் தைத்தது.

இந்தக் கதையை எப்படியோ ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து அவளிடம் சொல்லிவிட்டேன். குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். அவள் ஊரில் அதற்கு 'முஹோகோ' என்று பெயர். அங்கேயும் வேகவைத்துத் தின்பார்கள், பொரிப்பார்கள், மாவாக்கிக் கிண்டுவார்கள். அதிலிருந்து ஜவ்வரிசி செய்கிற சங்கதி மட்டும் அவளுக்குப் புதுசு. சேலத்துக்காரியாகப் பிறந்த பெருமைக்கு அன்றைக்கே பாயசம் வைத்துக் கொடுத்தேன்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் தன் கதையைச் சொன்னாள். தான்சானியாவில் அவள் படித்த காலத்தில் அரசுப் பள்ளிகளில் ஆரம்பப் படிப்பு ஏழு வருஷமும் சுவாஹிலியில். அடுத்து 'ஃபார்ம் ஒன்' சேர்ந்ததும் சுவாஹிலிப் பாடம் தவிர மற்ற எல்லாம் இங்கிலீஷ். ஒரு லீவு முடிந்து போனால் மொழியே மாறியிருக்கும். "ஃபோட்டோசிந்தஸிஸ் என்று டீச்சர் எழுதினார். நான் பயந்துவிட்டேன். அது உசானிசினூரு என்று பிறகுதான் தெரிந்தது" என்றாள். 'உசானிசி' என்றால் சேர்க்கை, 'நூரு' என்றால் ஒளி. நான் கிழங்கைக் கீழே வைத்துவிட்டேன். ஒளிச்சேர்க்கை! நம் ஆட்கள் அந்தச் சொல்லை எப்படிக் கட்டினார்களோ, கடல் தாண்டி அவர்களும் அதே இரண்டு செங்கல்லை வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

அவள் கல்லூரியில் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் இரண்டு சம்பவங்கள்.

ஒன்று, நோயாளிக்கு மருந்தை விளக்கிச் சொல்கிற பயிற்சி வகுப்பு. கூடப் படிக்கிற பெண் ஒருத்தி பாட்டி மாதிரி நடிக்க, இவள் விளக்க வேண்டும். முழுக்க 'ஹீ', 'ஹிஸ்' என்றே சொல்லி முடித்திருக்கிறாள். சுவாஹிலியில் அவன், அவள் என்ற பேதமே கிடையாது. இருவருக்கும் 'யேயே'தான். நம் 'அவர்' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பே சிரித்ததாம். இன்னொன்று, ஆசிரியர் கையிலிருந்து டஸ்டர் தவறி விழுந்தபோது முதல் பெஞ்சிலிருந்த இவள் "சாரி, சார்" என்றிருக்கிறாள். "நீ என்ன செய்தாய்?" என்று அவர் கேட்க, மறுபடி சிரிப்பு. சுவாஹிலியில் 'போலே' என்று ஒரு சொல் உண்டு. யாராவது தடுக்கினால், சுட்டுக்கொண்டால், காய்ச்சலில் படுத்தால் பார்த்தவர்கள் சொல்வது. நம் ஊரில் "அச்சச்சோ, பாத்து" என்போமே, அதை ஒரே சொல்லில் மடித்த மாதிரி. இங்கிலீஷில் அதற்கு இணையாக அவளுக்குக் கிடைத்தது 'சாரி' ஒன்றுதான். மன்னிப்பும் அதே சாரி என்பது அவள் குற்றமா?

அன்றைக்கே முடிவு செய்தோம். தினமும் ராத்திரி ஏழு மணிக்கு மேல் மாடிப்படியில் அரை மணி நேரம் இங்கிலீஷ். அவளுக்கும் சொந்தமில்லை, எனக்கும் சொந்தமில்லை. தப்பாகப் பேசினால் கோபித்துக்கொள்ள அந்தப் படியில் ஆளே கிடையாது. ஒரே ஒரு விதி: சொல்ல வந்ததை ஒருத்தி சொல்லி முடிக்கிற வரைக்கும் மற்றவள் திருத்தக் கூடாது. பெரியவன் இரண்டு நாள் வந்து உட்கார்ந்து, "அம்மா, அது வென்ட் இல்ல, கான்" என்று ஆரம்பித்தான். உள்ளே போகச் சொல்லிவிட்டோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு குழப்பம். செவ்வாய்ப்பேட்டைக்கு என்னோடு பாத்திரம் வாங்க வருவதாகவும் நாலு மணிக்குக் கிளம்பலாம் என்றும் சொல்லியிருந்தாள். நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு ஆற அமர உட்கார்ந்திருக்கிறேன், காலை பத்து மணிக்குப் பையும் கையுமாக வந்து கதவைத் தட்டுகிறாள். "நாலு மணி என்றாயே?" என்றேன். நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அவர்கள் கணக்கில் நாள் தொடங்குவது விடிகாலை ஆறு மணிக்கு. நமக்கு ஏழு என்றால் அவர்களுக்கு ஒன்று, 'சா மோஜா'. உச்சிப்பொழுது ஆறு. நம் பத்து மணிதான் அவர்களுடைய நாலு, 'சா ன்னே'. எங்கள் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தின் கீழே நின்று, சின்ன முள் காட்டுகிற எண்ணில் ஒரு விரலை வைத்து, நேர் எதிரே இருக்கிற எண்ணுக்குக் கொண்டுபோனாள். பத்துக்கு எதிரே நாலு. இரண்டுக்கு எதிரே எட்டு. அவ்வளவுதான் வாய்ப்பாடு. "இங்கிலீஷில் பேசும்போது மனசுக்குள் மாற்றிவிடுவேன். பயந்துவிட்டால் மாற்ற மறந்துபோகும்" என்றாள்.

எங்கள் அத்தைக்கு 78 வயது. கட்டிலில் படுத்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், நான் தமிழில் சொன்னதும், "இதுல என்ன இருக்கு? எங்கப்பாவும் பொழுது கெளம்புனதுல இருந்துதான் எண்ணுவாரு. இப்ப பத்து நாழிகை" என்றார். போட்டுப் பார்த்தேன். ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். பத்து நாழிகை 240 நிமிஷம், நாலு மணி நேரம். ஆக எங்கள் கூடத்தில் அந்த நிமிஷம் பத்து மணி, நாலு மணி, பத்து நாழிகை மூன்றும் சரி.

அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவருக்குத் தமிழ் தவிர ஒன்றும் தெரியாது. அந்தப் பெண்ணிடம் அவர் முழுத் தமிழில்தான் பேசுவார், அதுவும் சத்தமாக. "கண்ணு, தலைய நல்லாத் தொவட்டு, சளி புடிச்சுக்கும்." அவளும் தலையைத் துவட்டுவாள். காலையில் அவள் "ஷிகமோ" என்று சொல்லும்போது, "மரஹபா" என்று பதில் சொல்லக் கற்றுக்கொண்டார். பெரியவர்களுக்குச் சொல்கிற வணக்கம் அது. பாதம் பற்றுகிறேன் என்று அர்த்தமாம். மூன்றே நாளில் இருவருக்கும் சரளம். நானும் அவளும்தான் வினைச்சொல்லுக்கு வால் ஒட்டுவதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் தவித்துக்கொண்டிருந்தோம்.

வால் என்றதும் ஞாபகம் வருகிறது. நாம் பேங்க்கை 'பேங்கு' என்போம், கார்டை 'கார்டு', கோட்டை 'கோட்டு', சாக்ஸை 'சாக்ஸு'. சுவாஹிலியிலும் மெய்யில் சொல்லை முடிக்க விடமாட்டார்கள். பெங்கி, காடி, கோட்டி, சொக்ஸி. நமக்கு உகரம், அவர்களுக்குப் பெரும்பாலும் இகரம். 'பேங்க்' என்று அந்த 'க்'கோடு நிறுத்த நாங்கள் இருவரும் பட்ட பாடு தனி. கடைசி எழுத்தில் மூச்சை அடைத்துக்கொண்டு, வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்து, காற்றுக்குப் பின்னால் சத்தம் வருகிறதா என்று பார்ப்போம். தெருவில் போகிறவர்கள் பார்த்தால் ஏதோ வைத்தியம் நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

ஆனால் மற்ற ஒலிகளில் ஒருத்திக்கு இல்லாதது இன்னொருத்தியிடம் இருந்தது. எனக்கு 'ஃபீஸ்' வராது, 'பீஸ்'தான். 'ஜூ' என்பேன், அவள் சரியாக உரசிச் சொல்வாள். சுவாஹிலியில் அந்த இரண்டு ஒலியும் உண்டு. 'தேர்ட்டி' என்பதில் நாக்கைப் பல்லிடுக்கில் வைக்கிற ஒலியும் உண்டு. முப்பதுக்கு அவர்கள் சொல்லிலேயே அது இரண்டு இடத்தில் வருகிறது. பதிலுக்கு நான் கொடுத்தது குறில் நெடில். அவர்களுக்கு உயிரெழுத்து ஐந்தே ஐந்து. இ வேறு ஈ வேறு என்று பொருள் மாறுவது கிடையாது. அதனால் ஷிப்பும் ஷீப்பும் அவளுக்கு ஒன்று.

இதில் எனக்கு ஒருநாள் தூக்கமே போனது. "மாமா, ஐ வான்ட் டு லீவ் ஹியர்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். வீட்டைக் காலி செய்யப் போகிறாள் என்று நினைத்துவிட்டேன். அவர்கள் கொடுத்த அட்வான்ஸில்தான் மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தோம். ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டுவிட்டு, காலையில் "ஏன் கண்ணு போற?" என்று கேட்டால், "எங்கே?" என்கிறாள். இங்கேயே இருக்க ஆசை என்றுதான் சொல்லியிருக்கிறாள். லிவ். அன்றைக்கு அவளைத் தரையில் உட்கார வைத்து, பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது போல ஒரு தட்டு தட்டினால் இ, இரண்டு தட்டு தட்டினால் ஈ என்று தொடையில் தாளம் போடக் கற்றுக்கொடுத்தேன். மாத்திரைக் கணக்கு நமக்குப் பரம்பரைச் சொத்தாயிற்றே.

எனக்கு உண்மையில் தைரியம் வந்த நாள் எது என்றால் சோற்று நாள்தான். வயலில் இருப்பது, கடையில் வாங்குவது, தட்டில் போடுவது மூன்றையும் இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று பேச்சு வந்தது. வயலில் நிற்பதற்குப் 'பேடி' என்று ஒன்றிருக்கிறது, சரி. மற்ற இரண்டும் 'ரைஸ்', 'ரைஸ்'. அவள் எண்ணினாள்: ம்புங்கா, ம்ச்செலே, வாலி. நான் எண்ணினேன்: நெல், அரிசி, சோறு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அட, இந்த இங்கிலீஷ்காரனுக்கு அரிசிக்கும் சோற்றுக்கும் வித்தியாசம் தெரியாதே! இத்தனை வருஷமாக இவனுக்கா பயந்தேன்?

யோசித்தால் இங்கிலீஷ்காரனுக்கும் நான் பயந்ததில்லை. ஒரு வெள்ளைக்காரரிடம் நான் பேசியதே இல்லை. பயம் எல்லாம் நம் ஆட்கள் முன்னால்தான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற இன்னொரு அம்மா என்ன நினைப்பாள் என்கிற பயம். மாடிப் பெண்ணுக்கும் அப்படித்தான். எங்கள் படியில் பேசுகிறாள், மெடிக்கல் ஷாப்பில் பேசுகிறாள். கூடப் படிக்கிற மற்ற தான்சானியப் பிள்ளைகள் முன்னால் இங்கிலீஷ் வராது. ஸான்ஸிபாரில் பிறந்து, சுவாஹிலி பேசி வளர்ந்து, இங்கிலீஷில் எழுதுகிற அப்துல்ரஸாக் குர்னாவுக்கு 2021-ல் இலக்கிய நோபல் கிடைத்ததை ஒருநாள் பெருமையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு உடனே, "ஆனால் அவர் எழுதுகிறார், மாமா. எழுத்தில் யாருக்கும் பெங்கி கேட்காது" என்றாள்.

அடுத்த பயிற்சி வகுப்புக்கு அவள் செய்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. எதையும் மனப்பாடம் செய்யவில்லை. முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் நெட்டுரு. இடது உள்ளங்கையில் பேனாவால் பொட்டு வைத்த ஒரு முகம்: நோயாளி பெண், 'ஷீ'. மணியை எண்ணாகச் சொல்லாமல் காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்றே சொல்வது. மருந்து விஷயத்தில் எட்டு மணி இரண்டு மணியாகிவிடக் கூடாதில்லையா. ஒரே ஒரு 'ஹீ' வந்ததாம். தானே நிறுத்தித் திருத்திக்கொண்டாளாம். யாரும் சிரிக்கவில்லை என்றாள். சிரித்தார்களா என்று கவனிக்கவில்லை என்பதுதான் நிஜம் என்று நினைக்கிறேன்.

நானும் சின்னவன் பள்ளிக்கூடக் கூட்டத்தில் பேசிவிட்டேன். மூன்று நிமிஷம் இருக்கும். நடுவில் என் மகனையே 'ஷீ' என்று சொல்லிவிட்டேன். ஒட்டுவாரொட்டி.

டிசம்பரில் அரைப்பரீட்சை லீவுக்கு அவளை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனோம். பஸ்ஸில்தான். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே இறங்கியதும் குளிரில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, "மலை எங்கே?" என்று கேட்டாள். ஊர் 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று பெரியவன் ரோஷமாகச் சொன்னான். கிளிமஞ்சாரோ 5,895 என்றாள். அதோடு பையன் மலைப் பேச்சை எடுக்கவில்லை.

தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு காப்பித் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போனோம். பழம் பறிக்கிற சமயம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, கீழே செடிகளில் சிவப்புச் சிவப்பாகப் பழம். பெண்கள் இடுப்பில் பை கட்டிப் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு கிளையை வளைத்து, பழம் ஒன்றைக் கிள்ளி, நசுக்கி, வழவழப்பான இரண்டு கொட்டையையும் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். யாரும் கேட்கவில்லை, தானாக.

அவள் ஊரில் வீட்டைச் சுற்றியே காப்பித் தோட்டமாம். நிழலுக்குச் சில்வர் ஓக் இல்லை, வாழை. காப்பி விற்பதற்கு, வாழை தின்பதற்கு. மலையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்து பாய்ச்சுவார்கள். மாடு கொட்டிலிலேயே நிற்கும், வாழைத்தண்டு அதற்குத் தீனி, சாணி செடிக்கு. 1933-லேயே கிளிமஞ்சாரோக் காப்பி விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் வைத்துவிட்டார்கள். நல்ல பழத்துக்கு நடுவே பச்சைக்காய் விழுந்துவிட்டால் பாட்டி கையில் அடிப்பாளாம். 'ஹீ' வந்தது, 'ஷீ' வந்தது, 'லீவ்' வந்தது. பாட்டி ஒரு வாக்கியத்தில் ஆணாகி அடுத்ததில் பெண்ணானாள். அவள் நிறுத்தவே இல்லை.

பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா பையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம், "அந்தப் பொண்ணு என்னங்க சொல்லுது?" என்றார். சொன்னேன். "அவங்கூர்ல ஒரு நாளைக்கு எவ்வளவு கூலியாம், கேளுங்க" என்றார். கேட்டேன். "வீட்டுத் தோட்டத்துக்கு ஏது கூலி, பாட்டி கையால் அடிதான்" என்று பதில் வந்தது. அதைத் தமிழில் சொன்னதும் நாலு வரிசை தள்ளி நின்ற பெண்கள்வரை சிரித்தார்கள். "பூச்சி விழுமா?", "பழம் எத்தனை தடவை எடுப்பாங்க?", "இந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுத்துக்கொண்டே இருந்தேன். சுற்றிப் பார்க்க வந்த வேறொரு குடும்பமும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மா கூலிங்கிளாஸை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பதை நடுவில்தான் கவனித்தேன். பூச்சிக்கு என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று கேட்டு முடிக்க வேண்டியிருந்தது. முடித்தேன்.

இறங்கும்போது நல்ல கூட்டம். கடைசிக்கு முந்தின சீட்டில் இடம் கிடைத்தது. மதியம் தின்ற பஜ்ஜி பாதி வளைவுகளுக்கு மேல் அவள் வயிற்றில் நிற்கவில்லை. பெரியவன் பிளாஸ்டிக் கவரைத் தேடுவதற்குள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டாள். நான் முதுகைத் தடவிக்கொண்டே, "போலே, போலே" என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லீங்க மாமா" என்றாள். முன் சீட்டுக்காரர் திரும்பி, யார் மாமா என்று பார்த்தார்.